தூக்கக் கூடாத கைகள்

காளிமுத்துவுக்கு வைத்தியம் பார்க்கிறவனையும் பிடிக்காது, துவக்குப் பிடிக்கிற சிப்பாயையும் பிடிக்காது. ரெண்டு கூட்டமும் ஒரே சாதிதான் என்பது அவர் கட்சி. கண்டவுடனே சட்டையைக் கழற்று என்பான், திரும்பி நில் என்பான், கையைத் தூக்கு என்பான். கடைசியில் என்னத்தைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற மனுசன் அவர். சாக்கின் அடிவரைக்கும் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் எதையும் நம்பியதில்லை. மேலே கிடப்பது எப்போதும் நல்ல மிளகுதான். கலந்துவிட்ட பப்பாசி விதையெல்லாம் அடியில்தான் கிடக்கும்.

அப்பேர்ப்பட்டவரைக் கொண்டுபோய் அந்த ரெண்டு கூட்டத்துக்கும் நட்ட நடுவில் நிறுத்திவிட்டாள் அவர் பெண்சாதி மங்களேஸ்வரி.

மங்களேஸ்வரி டீச்சர். யட்டவத்தைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். நல்ல கனதியான பொம்பளை. சீனி வருத்தம் வந்து, மருந்தும் பத்தியமுமாக இருந்ததில் உடம்பு மளமளவென்று இளைத்தது. உடம்பு இளைத்ததே தவிர தோல் இளைக்கவில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கொடியில் காயப் போட்ட ஈரத் துவாய் மாதிரி தொங்கியது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் அது ஒரு பக்கம் ஆடும். பிள்ளைகள் 'வௌவால் டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. பதிமூன்றாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து முன்னால் சொல்ல வைத்தால் எந்தப் பிள்ளையின் வாயும் தானாக மூடிக்கொள்ளும்.

மூட முடியாத வாய் சோதனைச் சாவடியில் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருசம். சண்டை திரும்பவும் மூண்டிருந்தது. யட்டவத்தை ரோட்டில் மரக்குற்றியும் மணல் மூட்டையும் போட்டு ஒரு சாவடி. காலையில் பஸ் நிற்கும். எல்லாரும் இறங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கட்டியிருக்கிற கயிற்றோரமாக நடக்க வேண்டும். அந்தச் சாவடியில் எதையும் பிடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒருதரம் ஒருத்தர் பையில் நாறல் கருவாட்டைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் மூக்கால் கண்டுபிடித்தது.

ஒருநாள் நல்ல காற்று. மங்களேஸ்வரி கையைத் தூக்கினாள். சேலைத் தலைப்பு ஒரு பக்கம் பறக்க, மற்றது ஒரு பக்கம் ஆட, அங்கே நின்ற ஒரு சிப்பாய் தன் முழங்கை ரெண்டையும் மடக்கிச் சிறகு மாதிரி அடித்துக் காட்டி, "டீச்சர், பறந்துறாதீங்க" என்றான். அவன் சொன்னது சிங்களத்தில். சிரிப்புக்குப் பாஷை கிடையாது. பஸ்ஸே சிரித்தது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூட அதிபர் ரெண்டு கையையும் தூக்கியபடியே சிரித்தார்.

சாயங்காலம் வந்து புருசனிடம் சொன்னாள்: "என்னாங்க, நான் இந்தியாவுக்குப் போயி கையத் தைச்சிக்கிட்டு வரப்போறேன்."

"கிழிஞ்சாத்தான தைக்கிறது?"

"மிச்சத் தோல வெட்டி எடுத்துட்டுத் தைப்பாங்களாம். எங்க பள்ளிக்கூடத்துச் சரோஜாதேவி டீச்சரோட மச்சாள் செஞ்சிக்கிட்டு வந்திருக்கா."

"அவ கைய நீ அடி வரைக்கும் பாத்தியா?"

"இங்க பாருங்க. அந்தக் கயித்தோரமா நான் கையத் தூக்கிட்டு நடக்கணும். ஒருத்தன் சிரிக்கப்படாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவள் அழுதிருந்தால் காளிமுத்து ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள். ஊருக்குத் திருச்செந்தூர் நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட லீவில் ரெண்டு பேரும் சென்னைக்கு ப்ளேன் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ திரும்பும்போது வாச்மேன் கையைக் காட்டி நிறுத்தினான். நிறுத்தினானோ இல்லையோ, காளிமுத்து குதித்து இறங்கினார். அடையாள அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ரெண்டு கையையும் உயர்த்தி, வரிசையில் நின்றார். வரிசை என்றால் அவர் ஒருத்தர்தான். 

வாச்மேன் மிரண்டுபோனான். "இன்னா பெரியவரே, எதுக்குக் கையத் தூக்குற? வண்டிய ஓரம் கட்டத்தான சொன்னேன்?"

காளிமுத்து அட்டையை வாயிலிருந்து எடுத்தார். "தேடலியா?"

"இன்னாத்தத் தேடணும்?"

இத்தனை வருசத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

உள்ளே மாலை போட்டார்கள். பொட்டு வைத்தார்கள். இளநீர் கொடுத்தார்கள். ஆட்டுக்கும் இதைத்தான் முதலில் செய்வார்கள் என்று காளிமுத்து நினைத்துக்கொண்டார். கழுத்துப் பட்டி கட்டிய மனேஜர் ஒருத்தர் குளிர் அறையில் உட்கார வைத்துப் பேசினார்.

"நாங்க இங்க யாரையும் நோயாளின்னு சொல்றதில்ல சார். விருந்தாளி. வெட்டுறதுன்னும் சொல்றதில்ல. உங்க மனைவியோட கை இப்போ சிறையில இருக்கு. நாங்க அதுக்கு விடுதலை குடுக்கிறோம்."

காளிமுத்து எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தம்பி, அந்த வார்த்தைய எங்க ஊருல சத்தமாச் சொல்லப்படாது."

மனேஜருக்கு விளங்கவில்லை. அவர் பாட்டுக்குத் தொடர்ந்தார்: "எங்ககிட்ட வந்த வெளிநாட்டு விருந்தாளிங்கள்ல அதிருப்தியோட போனவங்க ஒருத்தர்கூடக் கிடையாது சார். அதிருப்தியா இருக்கிறவங்கள நாங்க போகவே விடுறதில்ல. திருப்தின்னு கேமராவுல சிரிச்சுச் சொன்னாத்தான் டிஸ்சார்ஜ்."

"அப்ப எங்க ஊருச் சாவடியும் அப்படித்தான்" என்றார் காளிமுத்து. "என்ன, கேமரா இல்ல."

வெட்டித் தைத்தார்கள். மங்களேஸ்வரியின் ரெண்டு கையும் தோளிலிருந்து முழங்கை தாண்டி வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தது. பெரிய டாக்டர் வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஒரு மாசத்துக்குக் கை தோளுக்கு மேல போகப்படாதும்மா. போனா தையல் விட்டுரும். திரும்பத் தைக்கலாம்னா அங்க மிச்சத் தோல் இல்ல. எடுத்தாச்சு."

காளிமுத்து பதறிப்போனார். "டாக்டர், நாங்க ஊருக்குப் போறமே. வழியில தூக்கச் சொல்லுவாங்களே!"

"யாரு சொல்லுவாங்க?"

"எல்லாரும்."

"முடியாதுன்னு சொல்லிருங்க."

இவ்வளவு படித்த மனுசனுக்கு இவ்வளவு அறியாமையா என்று காளிமுத்துவுக்கு அவர் மேல் இரக்கமாகிவிட்டது.

கிளம்பும்போது மனேஜர் பரிசு ஒன்று கொடுத்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். இடது பக்கம் வெட்டுவதற்கு முந்திய கை, வலது பக்கம் வெட்டித் தைத்த பிறகு, கட்டை ஒருதரம் அவிழ்த்துப் படம் பிடித்த கை. முகம் இல்லை. "வீட்டு ஹால்ல மாட்டிக்கங்க சார்" என்றார். முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் அதை மாட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்து, காளிமுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

இலங்கையில் இறங்கினால், சாமான் சோதிக்கிற மேசைக்குப் பின்னால் வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரி ஒருத்தர் மங்களேஸ்வரியின் கைக் கட்டைப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன?"

"கை" என்றாள் மங்களேஸ்வரி.

"கைக்குள்ள?"

வேறு வழியில்லாமல் காளிமுத்து சட்டம் போட்ட படத்தை எடுத்து வைத்தார். அதிகாரி இடது பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். வலது பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மங்களேஸ்வரியைப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது அதுல இல்லையே. மிச்சம் எங்க?"

"அங்கேயே போட்டுட்டாங்க சேர்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "இந்த நாட்டுல விளைஞ்ச எதையும் அனுமதியில்லாம வெளிநாட்டுல விட்டுட்டு வர ஏலாது. தேயிலையா இருந்தாலும் சரி, சதையா இருந்தாலும் சரி. நாட்டுச் சோத்துல வளந்ததுதானே இது? உங்க இஷ்டத்துக்கு விட்டுட்டு வர்றதுக்கு இது என்ன உங்க சாமானா?"

"என் கை சேர்" என்றாள் மங்களேஸ்வரி.

"உங்களோட ஒட்டியிருக்கிற வரைக்கும் உங்க கை. ஒட்டுவிட்டா அரசாங்கத்துக்குச் சொல்லணும்."

காளிமுத்து தன் வியாபாரப் புத்தியை உபயோகித்துப் பார்த்தார். "அது கழிவு சேர். தரம் பிரிக்கிறப்ப போற சாமான்."

"கழிவுன்னு தீர்மானிக்கிறது நீங்க இல்ல" என்றார் அதிகாரி. உள்ளே போய் இன்னொரு அதிகாரியோடு பேசினார். ரெண்டு பேருமாகப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நாட்டுல இருந்து ஒரு பொருள் வெளிய போயிருக்கு. திரும்பி வரல்ல. அப்படின்னா அதுக்குப் பேரு ஏற்றுமதி. இந்த மாசம் ஏற்றுமதி ரொம்பக் குறைவு. உங்கள மாதிரி ஆக்கள்தான் நாட்டுக்கு வேணும். போங்க, போங்க."

கை குலுக்க வந்தார். மங்களேஸ்வரி பின்வாங்கினாள். காளிமுத்து அவளுக்கும் சேர்த்துக் குலுக்கினார்.

வெளியே பலீல் வேனோடு நின்றான். மாத்தளைக்காரன், காளிமுத்துவின் மிளகு மூட்டைகளுக்கு ஓடுகிறவன். டீச்சரின் கையைப் பார்த்ததும், "அல்லாஹ்வே! திருச்செந்தூர்ல தீ மிதிச்சீங்களா டீச்சர்?" என்றான்.

"கையாலயா மிதிப்பாங்க? வண்டிய எடுடா" என்றாள்.

குருநாகலுக்கு வரும் வழியில் முதல் சாவடி. "எல்லாரும் இறங்கு. கை ரெண்டையும் உசத்து." காளிமுத்து தூக்கினார். பலீல் தூக்கினான். மங்களேஸ்வரி நின்றாள்.

அங்கே நின்ற சிப்பாய் ஒன்றும் கெட்டவன் இல்லை. கலேவெலக்காரன். வீட்டில் வெங்காயம் போட்டுவிட்டு, விலை விழுந்த கவலையில் நிற்கிறவன். விசயத்தைக் கேட்டதும் உச்சுக்கொட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, மேட்டில் இருந்த முகாமைக் கண்ணால் காட்டினான்.

"நான் விட்டாலும் அங்க இருந்து தூரக்கண்ணாடியில பாத்துக்கிட்டே இருக்காங்க. மூஞ்சிய எல்லாம் பார்க்கிறதில்ல. கையத்தான் எண்ணுறாங்க. மூணு பேரு இறங்கினா ஆறு கை தெரியணும். இப்ப நாலுதான் தெரியுது."

"நான் அவளுக்கும் சேத்துக் கொஞ்சம் ஒசரமாத் தூக்கட்டா?" என்றார் காளிமுத்து.

"ஒசரம் கணக்குல இல்ல ஐயா."

பலீல் சுற்றுமுற்றும் பார்த்தான். ரோட்டோரத்தில் தம்பிலி இளநீர் விற்கிறவர் ஒருத்தர் குந்தியிருந்தார். "நானா," என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டான், "அவசரத்துக்கு ஒரு ரெண்டு கை தருவீங்களா?" அந்த மனுசன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து, டீச்சருக்குப் பின்னால் நின்று தன் கையைத் தூக்கினார். ஆறு.

சிப்பாய் தலையைச் சொறிந்தான். "இப்ப ஆளு நாலாயிட்டு. எட்டு கை வேணும்."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். வெயில் சுட்டது. கடைசியில் சிப்பாய் ஒரு பெருமூச்சு விட்டு, துவக்கை மணல் மூட்டையில் சாய்த்துவைத்துவிட்டு, தன் ரெண்டு கையையும் தூக்கினான். "எட்டு. சரி, ஓடுங்க."

"உன்னோட சேத்தா அஞ்சு பேருல்லே?" என்றாள் மங்களேஸ்வரி. கணக்கு டீச்சர் அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்கள ஆளுக் கணக்குல சேக்கிறதில்ல நோனா" என்றான் அவன் மரியாதையாக.

வேன் போகப் போகக் காளிமுத்து திரும்பிப் பார்த்தார். தம்பிலிக்காரர் போய்த் தன் இடத்தில் குந்திவிட்டார். சிப்பாய் மட்டும் கையைத் தூக்கியபடியே நின்றான். இறக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வரவில்லை போலிருக்கிறது.

யட்டவத்தைச் சாவடி அப்படி லேசில் விடுகிற இடம் இல்லை. அங்கே பலா மர நிழலில் நாற்காலி போட்டுப் பொறுப்பதிகாரி உட்கார்ந்திருப்பார். மீசை முதலில் தெரியும், பிறகுதான் ஆள் தெரியும். முன்னால் ஒரு பஸ் நின்றது. சனங்கள் கயிற்றோரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குச் சிறகடித்துக் காட்டிய அதே சிப்பாயும் நின்றான்.

பொம்பளைகளைச் சோதிக்கிற தகரக் கொட்டிலுக்குள் மங்களேஸ்வரியைக் கூட்டிப் போனார்கள். உள்ளே ஒரு பொம்பளைப் பொலிஸ். கட்டைப் பார்த்தாள், காரணம் கேட்டாள், படத்தைக் கேட்டு வாங்கினாள். பார்த்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்து, யாரும் இல்லையென்று கண்டு, தன் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"எனக்கும் இந்த இடத்துல கொஞ்சம் இருக்கு. நோவுமா நோனா?"

"தைக்கிறப்ப தெரியாது. பிறகு தெரியும்."

"எவ்வளவு வடிவா வந்திருக்கு!" என்றாள் அவள், உண்மையான ஆசையோடு. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டு, குரலை மாற்றினாள். "சரி. இப்பத் தூக்குங்க."

"தூக்கப்படாது. தையல் விட்டுரும்."

"தூக்க ஏலாத கை வடிவா இருந்து என்ன பிரயோசனம்?" என்று சொல்லி, பொறுப்பதிகாரியிடம் கொண்டுபோய் விட்டாள்.

பொறுப்பதிகாரி படத்தைத் தொடவில்லை. பேசத்தான் அவருக்கு விருப்பம்.

"ஏன் கையத் தூக்கச் சொல்றோம்னு நினைக்கிறீங்க? கையில என்ன இருக்குன்னு பார்க்கவா? இல்ல. கையப் பார்த்து நாங்க என்ன செய்றது? தூக்குன்னா தூக்குறானா, அதுதான் சோதனை. கெட்ட எண்ணத்தோட வர்றவன் முதல்ல தூக்கிருவான். சுத்தமாத் தூக்குவான். அப்படிச் சுத்தமாத் தூக்குறவன நாங்க உடனே போக விட்டுருவோம். தூக்க மாட்டேன்னு நிக்கிறது எப்பவும் உங்கள மாதிரி ஒண்ணும் இல்லாத ஆக்கள்தான். அதனாலதான் உங்களப் பிடிச்சு வைக்க வேண்டியிருக்கு."

காளிமுத்து இதை அடிவரை கையை விட்டு அள்ளிப் பார்த்தார். அடியிலும் அதுதான் இருந்தது.

"சேர், ஒரு மாசம் போகட்டும். அவளே தினமும் வந்து தூக்குவா. தூக்கத்தான் இவ்வளவு தூரம் போயி வெட்டிக்கிட்டு வந்திருக்கா" என்றார்.

"சட்டம் ஒரு மாசம் காத்திருக்காது." பொறுப்பதிகாரி மீசையை நீவினார். யோசனை வருவதற்கு அதுதான் வழி போலிருக்கிறது. வந்தேவிட்டது. "சட்டம் என்ன சொல்லுது? கை தலைக்கு மேல இருக்கணும். கை மேல போகாட்டி என்ன, தலை கீழ வரலாம்தானே? நல்லாக் குனிஞ்சு, கை ரெண்டையும் இடுப்புக்குப் பின்னால வச்சா, கை தலைக்கு மேல! தையலும் போகாது, சட்டமும் போகாது. குனிங்க டீச்சர்."

கயிற்றோரமாக நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. சிறகடித்த சிப்பாய் ஆவலாக முன்னால் வந்தான்.

"மாட்டேன்" என்றாள் மங்களேஸ்வரி.

"என்ன?"

"கையத் தூக்க வச்சது போதாதுன்னு சிரிக்கவும் செஞ்சீங்க. இப்பத் தலையக் குனியணுமா? நான் களவெடுக்கல்ல. குனிய மாட்டேன். தையல் போனா மயிராப் போச்சு, தூக்குறேன்."

முழங்கை அசைந்தது. காளிமுத்து பாய்ந்து பிடித்தார். "அடியே, வேணாம்டி! அங்க மிச்சத் தோல் இல்லடி!"

"குனியாட்டித் தூக்கணும். தூக்காட்டி உள்ள போகணும்" என்றார் பொறுப்பதிகாரி. பிறகு, இவ்வளவு லேசான வேலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது. "என்ன கஷ்டம் இதுல? இங்க பாருங்க!" என்று எழுந்து, மங்களேஸ்வரிக்கு முன்னால் வந்து, தொப்பி விழாமல் ஒரு தரம் அமுக்கிக்கொண்டு, இடுப்பு மடிய நன்றாகக் குனிந்து, ரெண்டு கையையும் பின்னால் வைத்துக் காட்டினார்.

அதிகாரி குனிந்ததைக் கண்ட சிப்பாய்கள், புது உத்தரவாக்கும் என்று தாங்களும் குனிந்தார்கள். சிப்பாய்கள் குனிந்ததைக் கண்ட பஸ் சனம் குனிந்தது. பொம்பளைப் பொலிஸ் கொட்டிலுக்குள்ளேயே குனிந்தாள். பலீல் குனிந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று காளிமுத்துவும் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய ஜீப் ஒன்று வந்து நின்றது.

இறங்கியவர் தோளில் இருந்த பித்தளையைப் பார்த்தால், பொறுப்பதிகாரிக்கெல்லாம் மேலே உள்ள அதிகாரிக்கும் மேலே. அவர் சாவடியைப் பார்த்தார். ஒரு வாய் அசையவில்லை. ஒரு முகம் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. நடுவில் ஒரே ஒரு பொம்பளை நிமிர்ந்து நின்றாள். வெள்ளைத் துணி சுற்றிய கைகளை உடம்பில் படாமல் ரெண்டு பக்கமும் சற்று விரித்து, எல்லாரையும் பார்வையிடுகிற மாதிரி நின்றாள்.

"எவ்வளவு ஒழுக்கம்!" என்றார் பெரியவர். குரலே தழுதழுத்துவிட்டது. "இத்தனை வருஷ சேவையில இப்படி ஒரு சாவடிய நான் பார்த்ததில்ல. கையத் தூக்கினா மனுசன் நிமிர்ந்து நிக்கிறான். நிமிர்ந்தா நம்ம மூஞ்சியப் பார்க்கிறான். மூஞ்சியப் பார்த்தாக் கேள்வி கேக்கணும்னு தோணுது. இதுல அந்தக் கரைச்சலே இல்ல! யாருடைய யோசனை இது?"

"என்னுடையது சேர்" என்றார் பொறுப்பதிகாரி, தரையைப் பார்த்தபடி.

பெரியவர் மங்களேஸ்வரி பக்கம் திரும்பினார். இவ்வளவு பேர் குனிந்து நிற்கையில் நிமிர்ந்து நிற்கிறவள் சாதாரண ஆளாக இருக்க முடியாது. விறைத்து ஒரு சலூட் அடித்தார். "மேடம் வைத்தியப் பிரிவா?"

குனிந்திருந்த காளிமுத்து கீழேயிருந்து சொன்னார்: "நேரா ஆஸ்பத்திரியில இருந்துதான் வர்றாங்க சேர்."

"நல்லது. போங்க மேடம்."

போனார்கள். தையல் பிழைத்தது.

மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. மாத்தளை முழுக்க எல்லாச் சாவடியிலும் இனிக் குனிவதுதான் சட்டம். கையைத் தூக்குவது தடை. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகிற லொறிக்காரர்கள் குனிந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் குனிந்தார். சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடி, வெற்றிலை, சில்லறை எல்லாம் ரோட்டில் கொட்டின. முதுகுப் பிடிப்பு எண்ணெய் கடைக்குக் கடை தீர்ந்துபோனது. இது எதற்காக வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டவுனில் ஜமால்தீன் டீக்கடையில், ஜப்பானில் இப்படித்தான் என்றார்கள். முதுகில் எதையோ கட்டிக்கொண்டு ஒருத்தன் வந்தானாம் என்றார்கள். காளிமுத்துவிடம் கேட்டபோது அவர் கராம்பை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவன்களுக்கு உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டான்கள் என்று விட்டுவிட்டார்.

மங்களேஸ்வரி அந்த மாசம் முழுக்க லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். அவர்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டார். கட்டை அவிழ்த்த பிறகும் அவள் நீளக் கைச் சட்டைதான் போட்டாள். ஒருதரம்கூடக் காட்டவில்லை. "அந்த எடத்துல காட்டுறேன். அதுக்கு முந்தி ஒருத்தருக்கும் கிடையாது" என்றாள்.

டாக்டர் சொன்ன மாசம் முடிந்தது. அன்றைக்குக் காளிமுத்துவும் கடையை அடைத்துவிட்டு அவளோடு பஸ்ஸில் போனார். அவள் குட்டைக் கை ரவிக்கை போட்டு, தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். சாவடியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கிக் கயிற்றோரமாகக் குனிந்தார்கள். காளிமுத்துவும் குனிந்தார்.

மங்களேஸ்வரி போர்த்தியிருந்த தலைப்பை எடுத்தாள். ரெண்டு கையையும் தலைக்கு மேலே, காது உரசத் தூக்கினாள்.

"ஏய்! கையக் கீழ போடு!" சிறகடித்த சிப்பாய் ஓடி வந்தான். "தூக்கத் தடை நோனா! குனிங்க!"

"நேத்து வரைக்கும் டாக்டர் தடை. இன்னைக்கு நீயா? சிரிடா பார்ப்போம்."

சிப்பாய் பார்த்தான். சிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. பலா மரத்தடியில் பொறுப்பதிகாரி எழுந்தார். மகா குற்றம் ஒன்று நடந்திருக்கிறது. குற்றம் என்றால் சாட்சி வேண்டும், அதுவும் பொதுசனச் சாட்சி. வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "இந்த நோனா கையத் தூக்கினத யாரெல்லாம் கண்டது?"

"நாங்க நிலத்தத்தான் சேர் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றது வரிசை.

"ஒருத்தருமே காணலியா?"

"குனிஞ்சா எப்படி சேர் காணும்?" என்று அதிபர் குரல் கேட்டது.

பொறுப்பதிகாரி தடுமாறிப் போனார். சாட்சி இல்லாவிட்டால் வழக்கு இல்லை. "போங்க, போங்க" என்று சொல்ல வாயெடுத்தார். விசயம் அதோடு முடிந்திருக்கும். 

ஆனால் மங்களேஸ்வரியின் முகம் வாடிவிட்டது. கை மேலே நிற்கிறது, குரல் கீழே விழுந்துவிட்டது. "கடல் தாண்டிப் போயி வெட்டித் தைச்சிக்கிட்டு வந்தேனே... ஒருத்தர்கூடவா பார்க்கல்ல?"

காளிமுத்து முதுகு நறநறக்க நிமிர்ந்தார். ரெண்டு கையையும் தோளிலிருந்து முழங்கை வரைக்கும், உள்பக்கம் வெளிப்பக்கம் என்று சுற்றி வந்து பார்த்தார். தையல் ஓடிய இடத்தைக் குனிந்து கிட்டப் பார்த்தார்.

"நான் பார்த்தேன்" என்றார். "நல்லாத்தான்டி தைச்சிருக்கான்."

"சாட்சி!" என்று கத்தினார் பொறுப்பதிகாரி. "பிடி அந்த ஆள! நிமிராம எப்படிப் பார்த்தான்? அவனும் குற்றவாளி!"

ரெண்டு பேரையும் பலா மரத்துக்கு எதிரே, வெயிலில், ரோட்டைப் பார்த்த வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். மேலேயிருந்து ஆள் வந்து விசாரிக்கும் வரைக்கும் அசையக் கூடாது என்று உத்தரவு. அசையக் கூடாது என்றதால் மங்களேஸ்வரி கையையும் இறக்கவில்லை. பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

"வலிக்குதா?" என்றார் காளிமுத்து.

"நல்லா வலிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்க. எறக்கிறாத" என்றார் அவர், வளைவுப் பக்கம் எட்டிப் பார்த்து. "பஸ்ஸ விட்டு இறங்கின பிறகுதான சனத்தக் குனியச் சொல்லுவான். அடுத்த பஸ் வருது."